பக்கத்தில் பறந்த செஸ்னா திரையில் வரவில்லை, தூரத்து ஜெட் வந்தது. ஏன்?

கொழிஞ்சாம்பாறை கவி கேட்டது:

வணக்கம்ங்க. எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. பிபிஎல் (சொந்தமாக விமானம் ஓட்டும் உரிமம்) கைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கிளப்பில் செஸ்னா 172 ஓட்டுகிறேன். ஜி1000 திரை உள்ள விமானம், டிரான்ஸ்பாண்டர் (விமானத்தின் அடையாளத்தையும் உயரத்தையும் ரேடியோவில் அனுப்பும் பெட்டி) ஜிடிஎக்ஸ் 345 வகை. பக்கத்தில் பறக்கும் விமானங்களைத் திரையில் காட்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எப்படிக் காட்டுகிறது என்று யாரும் முழுதாகச் சொல்லவில்லை. மேனுவலைப் படித்தேன், அதில் பட்டன் எது என்று இருக்கிறது, காரணம் இல்லை.

போன வாரம் காலையில் இன்ஸ்ட்ரக்டரோடு நெம்மாறைப் பக்கமிருந்து மலம்புழாவை நோக்கி வடக்கே போய்க்கொண்டிருந்தோம். 3,500 அடி. ஆடிக் காற்று கணவாய்க்குள் மேற்கிலிருந்து நன்றாகவே அடித்தது. அப்ரோச்சிலிருந்து (ரேடார் பார்த்து வழிசொல்லும் கட்டுப்பாட்டு நிலையம்), "இரண்டு மணித் திசையில், இரண்டு மைல், உங்கள் உயரத்திலேயே ஒரு செஸ்னா" என்றார்கள். நேர் முன்னே இருப்பது பன்னிரண்டு மணி என்கிற கடிகாரக் கணக்கு அது. அது எங்கள் கிளப்பின் பழைய 152தான். திரையைப் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஜன்னல் வழியாகத் தேடினேன், இரண்டு மணித் திசையிலும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் வலப்பக்கம் தள்ளி, இறக்கைத் தாங்கிக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தது.

அதே நேரத்தில் கோயம்புத்தூருக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய ஜெட், பல மைல் தள்ளி இருந்தது, திரையில் அம்பு முனைபோல அழகாகத் தெரிந்தது. பக்கத்தில் +24, கீழ்நோக்கி ஒரு அம்பு. இதில் இன்னொரு குழப்பம்: இன்ஸ்ட்ரக்டர் ஐபேட்டில் அதே ஜெட் இரண்டு மணித் திசையில் இருந்தது, என் திரையில் இரண்டரையில் இருந்தது. ஐபேட்டுக்கும் அதே பெட்டியிலிருந்துதான் ப்ளூடூத் வழியாகத் தகவல் போகிறது.

யூடியூபில் அமெரிக்க பைலட்டுகளின் வீடியோக்களைப் பார்த்தால் திரை முழுக்க விமானமாக இருக்கிறது. எங்களுடையது பெரும்பாலும் காலியாக இருக்கிறது. எங்கள் பெட்டியில் ஏதாவது பழுதா? கிளப்பில் எழுதிக் கொடுக்கலாமா?

---

வேலந்தாவளம் ஏவியானிக்ஸ் எழுதியது:

கவி அம்மிணி, உங்கள் பெட்டியில் பழுது இல்லை. அந்த 152-ஐக் காட்ட அதற்கு வழியே கிடையாது.

நான் விமானப் படையில் ரேடார், ரேடியோ பெட்டிகளோடு வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகும் சிறு விமானங்களின் மின்னணுச் சாதனங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காமலே பறக்கிற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கும். நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

152-இல் இருப்பது பழைய மோட் சி டிரான்ஸ்பாண்டராக இருக்க வேண்டும். அது பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று சொல்கிற பையன் மாதிரி. தரையிலுள்ள ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்கும், இது 1090-இல் பதில் சொல்லும். அந்தப் பதிலில் நான்கு இலக்க எண்ணும் உயரமும் இருக்கும், அவ்வளவுதான். தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது அதற்கே தெரியாது. ஆன்டெனா எந்தத் திசையைப் பார்த்தபோது பதில் வந்தது, வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து இடத்தைக் கணக்குப் போடுவது ரேடார்தான். அதனால்தான் அப்ரோச்சில் உட்கார்ந்திருப்பவருக்கு 152 தெரிந்தது.

ஏடிஎஸ்-பி வேறு வகை. யாரும் கேட்க வேண்டாம். ஜிபிஎஸ்ஸிலிருந்து தன் இடத்தை எடுத்து, உயரம், வேகம், போகும் திசை, அடையாளம் எல்லாவற்றையும் சேர்த்து அதே 1090 மெகாஹெர்ட்ஸில் தானாகவே ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். இடத்தை மட்டும் நொடிக்குச் சுமார் இரண்டு தடவை சொல்லும். உங்கள் 345 இப்படிச் சொல்லவும் செய்யும், மற்றவர்கள் சொல்வதைக் கேட்கவும் செய்யும். கோவைக்கு இறங்கிய ஜெட் தன் இடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது, உங்கள் பெட்டி அதைக் கேட்டு வரைந்தது. 152 ரேடாருக்குச் சொன்ன பதிலும் உங்கள் ஆன்டெனாவில் பட்டிருக்கும். ஆனால் அதில் இடம் இல்லையே, திரையில் எங்கே கொண்டு போய் வைப்பது?

சில கையடக்க ரிசீவர்கள் இப்படிப்பட்ட பதிலின் சத்தம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை வைத்துத் தூரத்தை ஊகிக்கும். திசை தெரியாததால் உங்கள் விமானத்தைச் சுற்றி ஒரு வட்டமாகப் போடும். "இந்த வட்டத்தில் எங்கோ ஒருவன் இருக்கிறான்" என்று அர்த்தம். அதைவிடப் பெரிய பெட்டிகளும் உண்டு, டிஏஎஸ் என்பார்கள். அவை ரேடார் செய்வதைத் தாங்களே செய்யும். உங்கள் விமானத்திலிருந்தே கேள்வி கேட்டு, பதில் வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சரியாகச் சொல்லிவிடும். திசை மட்டும் தோராயமாகத்தான் வரும், ஏனென்றால் விமானத்தின் மேல் வைக்கிற சின்ன ஆன்டெனாவால் திசையைக் கூர்மையாக அளக்க முடியாது. ஏர்லைன் விமானங்களில் இருக்கும் மோதல் தடுப்புக் கருவியான டிகாஸும் இதே வழியில் கேள்வி கேட்பதுதான். அதன் இரண்டாம் வகை, "ஏறு", "இறங்கு" என்று கட்டளையும் கொடுக்கும். உங்கள் திரை அப்படி ஒருநாளும் கட்டளை கொடுக்காது. கொடுத்தது மாதிரி எடுத்துக்கொண்டு அதை மட்டும் நம்பி விமானத்தைத் திருப்பவும் கூடாது.

ஆக, திரையில் ஒரு குறி தெரிந்தால் முதலில் இது எப்படி வந்தது என்று கேளுங்கள். தானே சொன்னதா, யாராவது அளந்ததா, ஊகித்ததா? அது தெரிந்தால் எவ்வளவு நம்பலாம் என்பது தானாகப் புரியும். உங்கள் விமானத்தில் இப்போதைக்கு ஒரே வழிதான். தானே சொல்கிறவர்கள் மட்டும் தெரிவார்கள். நம் நாட்டில் ஏடிஎஸ்-பி முதலில் கட்டாயமாக்கப்பட்டது 29,000 அடியிலும் அதற்கு மேலும் போகிற பெரிய விமானங்களுக்கு. நீங்கள் பறக்கிற உயரத்தில், உங்களை இடிக்க வாய்ப்புள்ள சின்ன விமானங்களில் பல வாய் திறக்காதவை. தூரத்து ஜெட் தெரிந்து பக்கத்து 152 தெரியாததன் காரணம் முழுக்க இதுதான்.

அடுத்தது இரண்டும் இரண்டரையும். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஏனென்றால் நம் பாலக்காட்டுக் கணவாயைப்போல இதைக் காட்டிக்கொடுக்கிற இடம் குறைவு. நீங்கள் வடக்கே போகிறீர்கள், காற்று மேற்கிலிருந்து, அதாவது உங்கள் இடப்பக்கத்திலிருந்து. 172 நூறு நாட் வேகத்தில் போய், குறுக்குக் காற்று 25 நாட் இருந்தால், நேராக வடக்கே நகர மூக்கை இடப்பக்கம் சுமார் 15 டிகிரி திருப்பி வைத்தாக வேண்டும். கடிகாரத்தில் ஒரு மணி என்பது 30 டிகிரி. 15 டிகிரி அரை மணி.

ஐபேட் வரைபடம் நீங்கள் நகரும் பாதையை மேலே வைத்து வரைகிறது. ஜி1000 டிராஃபிக் பக்கம் மூக்கு பார்க்கும் திசையை மேலே வைத்து வரைகிறது. ஒரே ஜெட், ஒரே தகவல், அரை மணி வித்தியாசம். ரேடாரில் உட்கார்ந்திருப்பவருக்கும் உங்கள் மூக்கு தெரியாது, பாதைதான் தெரியும். அதனால் அவர் சொன்ன இரண்டு மணி உங்கள் ஜன்னலில் இரண்டரை. நீங்கள் 152-ஐ "இன்னும் வலப்பக்கம் தள்ளி" பார்த்தீர்களே, அது அங்கேதான் இருந்திருக்கும். காற்று இடப்பக்கமிருந்து வந்தால், சொன்ன திசைக்கு வலப்பக்கம் தள்ளித் தேடுங்கள். வலப்பக்கமிருந்து வந்தால் இடப்பக்கம். இரண்டு மைல் தூரத்தில் 15 டிகிரி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி. தவறான இடத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க அது போதும்.

குறிகளைப் பற்றிச் சுருக்கமாக. அம்பு முனை என்றால் அது போகும் திசை தெரியும் என்று பொருள், வெறும் வைர வடிவம் என்றால் தெரியாது. உள்ளே நிறம் நிரம்பியிருந்தால் கிட்டத்தில் இருக்கிறது. டிகாஸ் கணக்கில் ஆறு மைலுக்குள், மேலே கீழே 1,200 அடிக்குள். மஞ்சளாக மாறினால் உடனே தலையைத் தூக்கி வெளியே பாருங்கள். எண் நூறு அடிக் கணக்கு, +24 என்றால் உங்களைவிட 2,400 அடி மேலே. அம்பு, நிமிடத்துக்கு 500 அடிக்குக் குறையாமல் ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பதற்கு. இரண்டு பேர் உயரமும் 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற பொதுவான காற்றழுத்தக் கணக்கிலேயே அனுப்பப்படுவதால், நீங்கள் உயரமானியில் கியூஎன்எச் (அந்த இடத்தின் காற்றழுத்தம்) மாற்றி வைத்தாலும் இந்த வித்தியாசம் மாறாது.

கிளப்பில் பழுது என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். 152-இல் என்ன டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

---

கல்மண்டபம் பிரபு எழுதியது:

சார் சொன்னதோடு யூடியூப் விஷயத்தைச் சேர்க்கிறேன், ஏனென்றால் நான் பயிற்சி எடுத்தது ஃப்ளோரிடாவில். திரும்பி வந்து இங்கே முதல் தடவை பறந்தபோது திரை காலியாக இருந்ததைப் பார்த்து எனக்கும் இதே சந்தேகம் வந்தது.

அங்கே நீங்கள் பார்க்கிற விமானங்களில் ஒரு பகுதி தானாகச் சொல்கிறவை. 2020 ஜனவரி 1 முதல், மோட் சி கட்டாயமாக இருந்த வான்பகுதிகளில் பெரும்பாலும் ஏடிஎஸ்-பி அவுட்டும், அதாவது தன் இடத்தை ஒலிபரப்புவதும், கட்டாயம். அதனால் பழைய 152, 172 எல்லாம் பேசுகின்றன. மீதி இருப்பவை தரையிலிருந்து வருபவை. டிஐஎஸ்-பி என்று ஒரு சேவை. மோட் சி மட்டும் வைத்திருப்பவனை ரேடார் பார்க்கும், அந்த இடத்தைத் தரை நிலையம் உங்கள் பெட்டிக்கு ஒலிபரப்பும். அவர்களுக்கு 978 மெகாஹெர்ட்ஸ் என்று இன்னொரு அலைவரிசையும் உண்டு, 18,000 அடிக்குக் கீழே பறப்பவர்களுக்கு. அதில் பேசுகிறவனை 1090-இல் கேட்கிறவனுக்கும், இதில் பேசுகிறவனை அதில் கேட்கிறவனுக்கும் தரை நிலையமே மாற்றி அனுப்பும். இந்த இரண்டு உதவியும் நம் ஊரில் கிடையாது. அதே ஜிடிஎக்ஸ் 345-ஐ அங்கே கொண்டு போனால் கவியின் 152 திரையில் வந்திருக்கும்.

ஆனால் அங்கேயும் ஓட்டைகள் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். தரை நிலையம் உங்களுக்காக அனுப்புவது உங்களைச் சுற்றி 15 நாட்டிக்கல் மைல், மேலே கீழே 3,500 அடி உள்ள ஒரு வட்டத் தட்டுக்குள் இருப்பவர்களை மட்டும். அதுவும் நீங்கள் ஏடிஎஸ்-பி அவுட் ஒலிபரப்பினால்தான். வெறும் ரிசீவரை வாங்கி வைத்தவனுக்கு, பக்கத்தில் பறக்கும் வேறு யாருக்காகவோ அனுப்பியதன் மிச்சம்தான் வரும். அவன் திரையில் நாலு விமானம் தெரியும், ஐந்தாவது தெரியாது. காலியான திரையைவிட இந்தப் பாதித் திரை ஆபத்து என்று என் இன்ஸ்ட்ரக்டர் திரும்பத் திரும்பச் சொல்வார், எனக்கும் அது சரியென்றே படுகிறது. ரேடாருக்கு எட்டாத தாழ்வான உயரத்தில் பறக்கிற மோட் சி விமானமும் அங்கே வராது. சில சமயம் நம் விமானமே ரேடார் வழியாகத் திரும்பி வந்து, ஒட்டிக்கொண்டே பறக்கிற ஒரு பேய் விமானம் மாதிரி காட்டும்.

அதனால் கவி, அந்த வீடியோக்களைப் பார்த்து ரேடியோ பேசக் கற்றுக்கொள்ளுங்கள், தரையிறங்குவதைக் கற்றுக்கொள்ளுங்கள். டிராஃபிக் திரையை மட்டும் அங்கிருந்து கற்காதீர்கள். நம் வானத்தில் அது வேறு கருவி.

---

கம்பம்மெட்டு பறவை எழுதியது:

தங்கச்சி, நான் விமானம் ஓட்டுகிறவன் இல்லை. வாகமண்ணில் பாராகிளைடிங் பறக்கிறேன். உங்கள் திரையில் வராதவர்கள் பட்டியலில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

எங்களுடையது வெறும் துணியும் கயிறும், உட்கார்ந்திருப்பது ஒரு மனிதன். ரேடாருக்குக்கூட எங்களைப் பிடிப்பது கஷ்டம். டிரான்ஸ்பாண்டரைச் சுமந்துகொண்டு பறக்க எங்களுக்கு எடையும் பேட்டரியும் இடம் தராது. ஐரோப்பாவில் கிளைடர்காரர்கள் ஃப்ளார்ம் என்ற கருவி வைத்திருக்கிறார்கள், 2004-இல் சுவிட்சர்லாந்தில் வந்தது. ஒரே வெப்பக் காற்றில் பத்து கிளைடர் சுற்றும்போது ஏடிஎஸ்-பி மாதிரி இடத்தை மட்டும் சொன்னால் எச்சரிக்கை அடித்துக்கொண்டே இருக்கும். ஃப்ளார்ம் இனி அடுத்த சில நொடிகளில் எங்கே போகப் போகிறோம் என்பதையும் கணித்து அனுப்பும், மோதுகிற பாதை என்றால்தான் கத்தும். நல்ல கருவி. ஆனால் அது பேசுவது வேறு அலைவரிசையில், உங்கள் 345-க்குக் காது கேட்காது. எங்களில் பலரிடம் அதுவும் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். மலை விளிம்பை ஒட்டிப் பறக்காதீர்கள், அதிலும் வெயில் ஏறிய பிறகு சாயங்காலம் வரை. அப்போதுதான் பாறை சூடாகி காற்று மேலே தூக்கும், நாங்கள் விளிம்பை விட்டு விலகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்போம். மேகத்தின் அடிவயிற்றுக்குக் கீழேயும் நாங்கள் இருப்போம். எங்களுக்கு உங்கள் இன்ஜின் சத்தம் கேட்கும், ஆனால் வேகமாக விலகிப் போக முடியாது. மணிக்கு 35, 40 கிலோமீட்டர்தான் எங்கள் வேகம். உங்கள் கண்ணை நம்பித்தான் நாங்கள் தொங்கிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, சார்கிட்டயும் கேட்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற விமானம் இவர்கள் திரையில் தெரியுமா?

---

கொழிஞ்சாம்பாறை கவி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. இரண்டரை மணி விளக்கத்தைப் படித்ததும் நோட்டில் காற்று முக்கோணம் போட்டுப் பார்த்தேன், அன்றைக்குத் திரையில் இருந்த மூக்கின் திசைக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒத்துப் போகிறது. 152-இல் இருப்பது மோட் சிதான் என்று கிளப்பில் சொன்னார்கள்.

வேலந்தாவளம் சார், இரண்டு கேள்வி. கிளப்பில் டிஏஎஸ் வாங்கச் சொல்லலாமா? அப்புறம், 152 என்னைப் பார்க்க முடியாது, நான் 152-ஐப் பார்க்க முடியாது என்றால் அந்த டிரான்ஸ்பாண்டரால் யாருக்குத்தான் பயன்?

---

வேலந்தாவளம் ஏவியானிக்ஸ் எழுதியது:

முதலில் கம்பம்மெட்டுத் தம்பிக்கு. தெரியாது. 1090 மெகாஹெர்ட்ஸ் நேர்க்கோட்டில் போகிற அலை, மலையைத் துளைக்காது. கணவாய்க்குள் தாழப் பறக்கும்போது நெல்லியாம்பதி மலைக்குத் தெற்கே தாழ இருப்பவன் எவ்வளவு உரக்கப் பேசினாலும் இவர்களுக்குக் கேட்காது. மலை முகட்டைத் தாண்டும் அந்த நேரத்தில் திடீரென்று திரையில் முளைப்பான். முகட்டைத் தாண்டுவதற்கு முன்பே ரேடியோவில் இடத்தையும் உயரத்தையும் சொல்லிவிடுவதுதான் வழி. மலை வேண்டாம், விமானத்தின் உடம்பே மறைக்கும். வயிற்றில் ஆன்டெனா உள்ள விமானம் உங்களுக்குக் கீழே இருந்தால், அதன் உடம்பே அந்த ஒலியை உங்களிடம் வர விடாமல் தடுக்கலாம்.

கவி, டிரான்ஸ்பாண்டரால் யாருக்குப் பயன் என்ற கேள்வி முக்கியம். ரேடாருக்குப் பயன் என்பது தெரிந்ததுதான். அதைவிடப் பெரிய பயன், கோவைக்கு இறங்குகிற ஜெட்டில் இருக்கும் டிகாஸுக்கு. அது 152-ஐக் கேள்வி கேட்கும், 152 உயரத்தோடு பதில் சொல்லும், ஆபத்து என்றால் ஜெட்டின் பைலட்டுக்கு "ஏறு" என்று கட்டளை வரும். உயரம் இல்லாமல் வெறும் எண் மட்டும் வந்தால் எச்சரிக்கை வரும், கட்டளை வராது. அதனால் டிரான்ஸ்பாண்டர் குமிழை ஏஎல்டி-யில் (உயரத்தையும் அனுப்பும் நிலை) வையுங்கள். கிளம்பும் முன் ஒரு தடவை, கிளம்பிய பின் ஒரு தடவை பாருங்கள். 1996 நவம்பர் 12-இல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரியில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நம் நாட்டில் ஏர்லைன் விமானங்களுக்கு டிகாஸ் கட்டாயமானது. அந்தப் பாதுகாப்பு நம் சின்ன விமானங்கள் வரை நீள, நம் பக்கமிருந்து உயரம் போக வேண்டும்.

உயரம் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2019 மே 13-இல் அலாஸ்காவின் கெச்சிகன் பக்கத்தில் நடந்ததைப் படியுங்கள். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய இரண்டு மிதவை விமானங்கள், ஒரு ஆட்டர், ஒரு பீவர். இரண்டிலும் ஏடிஎஸ்-பி இருந்தது. நல்ல பகல், நல்ல வானிலை. மோதிவிட்டன, ஆறு பேர் போய்விட்டார்கள். அமெரிக்க விசாரணை அமைப்பு தோண்டிப் பார்த்தபோது, ஆட்டரிலிருந்து உயரத் தகவல் போகவில்லை, அதனால் பீவரில் இருந்த டேப்லெட் எச்சரிக்கவில்லை. ஆட்டரின் திரையிலோ எச்சரிக்கை கொடுக்கும் வசதியே இல்லை. அதற்கு முந்தைய கருவியில் இருந்த அந்த வசதி, மாற்றியபோது விட்டுப் போயிருந்தது. திரை இருந்தது, தகவலும் பாதி இருந்தது, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இந்த அறிக்கையை என்னிடம் வருகிற ஒவ்வொரு பைலட்டுக்கும் நான் கொடுத்துவிடுகிறேன். இவ்வளவு எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

கண்ணை மட்டும் நம்பினாலும் போதாது என்பதும் அதில் இருக்கிறது. மோதப் போகிற விமானம் கண்ணாடியில் நகராது. ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, கடைசி நொடிகளில்தான் பெரிதாகும். நூற்றிருபது நாட்டில் நேருக்கு நேர் வந்தால் ஒரு மைலைக் கடக்க இருவருக்கும் சேர்த்து 15 நொடி. கண்ணில் பட்டு, அது விமானம் என்று புரிந்து, முடிவெடுத்து, விமானம் திரும்ப 12.5 நொடி ஆகும் என்று அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ-யின் கணக்குச் சொல்கிறது. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தால் கதை மாறும். ஆஸ்திரேலிய அரசின் விமானப் பாதுகாப்பு அமைப்பு 1991-இல் வெளியிட்ட அறிக்கையில், திசை சொல்லப்பட்டுத் தேடுவது சும்மா தேடுவதைவிட எட்டு மடங்கு பலன் தரும் என்று இருக்கிறது. உங்கள் திரையும் அப்ரோச்காரரும் செய்கிற உதவி அந்த எட்டு மடங்கு.

டிஏஎஸ் பற்றி. பணம் இருந்தால் நல்லது, ஆனால் ஒரு விமானத்துக்கு மட்டும் போடுவதற்கே கிளப் யோசிக்கும். நான் என்றால் முதலில் 152-க்கு ஏடிஎஸ்-பி ஒலிபரப்புகிற மோட் எஸ் டிரான்ஸ்பாண்டரும் அதற்கு ஏற்ற ஜிபிஎஸ்ஸும் கேட்பேன். உங்கள் 172-இல் கேட்கும் காது ஏற்கெனவே இருக்கிறது, 152 பேச ஆரம்பித்தால் போதும், திரையில் வந்துவிடும். கிளப்பின் விமானங்கள் ஒரே பகுதியில் சுற்றுவதால் ஒருவரோடு ஒருவர் மோதும் வாய்ப்புதான் அதிகம், செலவு அங்கே போகட்டும். அது வரும் வரைக்கும், இரண்டு விமானமும் ஒரே நேரத்தில் கிளம்பும் நாளில் ஒருவர் 2,500, மற்றவர் 3,500 என்று கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

திரையை அமைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பயணத்தில் ஆறு மைல், சர்க்யூட்டுக்குள் (ரன்வேயைச் சுற்றி வரும் பாதை) இரண்டு மைல் வட்டம் வையுங்கள். பெரிய வட்டத்தில் ஒரு குறியே தரையில் பல நூறு மீட்டரை மறைத்துவிடும், பக்கத்தில் இருப்பவன் உங்கள் மேலேயே உட்கார்ந்திருப்பது போலத் தெரிவான். உயர வடிகட்டி சாதாரண நிலையில் மேலே கீழே 2,700 அடி வரை காட்டும். ஏறும்போது அபவ் (மேலே), இறங்கும்போது பிலோ (கீழே) என்று மாற்றுங்கள், நீங்கள் போகப் போகிற உயரம் முன்கூட்டியே தெரியும். நகர்வுக் கோட்டை ரிலேட்டிவ் மோஷனில் (உங்களை வைத்துப் பார்த்தால் மற்றவர் எப்படி நகர்கிறார் என்பது) வைத்தால், எந்தக் குறியின் கோடு உங்கள் விமானத்தை நோக்கி நீள்கிறதோ அவன்தான் மோதப் போகிறவன், கணக்குப் போட வேண்டாம். பழுப்பு நிறக் குறி தரையில் நிற்கிற விமானம். ஃபைனலில், அதாவது இறங்க ரன்வேக்கு நேராக வரும்போது ரன்வே முனையில் பழுப்புக் குறி இருந்தால் தலையைத் தூக்கி ரன்வேயைப் பாருங்கள், யாராவது உள்ளே நுழைகிறார்களா என்று.